வெளிநாட்டு வங்கிக் கட்டணம்: டிடிஎஸ் பிடிக்கணுமா?

மழை குறைந்த கரிசல் பூமிதான் கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலுக்குத் தோதானது. அந்தத் தீப்பெட்டியை நீங்கள் ஏற்றுமதி செய்து 20,000 டாலருக்கு பில் போட்டு, கணக்கில் 19,940 மட்டும் வந்ததாக வைத்துக்கொள்வோம். மீதி 60 டாலர், வழியில் வெளிநாட்டு வங்கிகள் எடுத்த கட்டணம்.

"நம்ம கையால கொடுக்கலையே"ன்னு விட்டுடாதீங்க. அதைச் செலவாகக் காட்டினால் கேள்வி வரலாம். வங்கி உத்தரவாதக் கமிஷன் போன்றவற்றுக்கு டிடிஎஸ் வேண்டாம் என்று 2012 டிசம்பர் 31 அறிவிக்கை சொன்னது உண்மைதான். ஆனால் அதிலேயே வெளிநாட்டு வங்கிகளுக்கு விலக்கு இல்லை. பலரும் கவனிக்காத வரி அது!

வருமான வரிச் சட்டப்படி, அந்தத் தொகைக்கு இந்தியாவில் வரி உண்டென்றால் மட்டுமே பிடித்தம். இங்கே கிளை இல்லாத வங்கிக்கு, இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி பெரும்பாலும் வரி வராது. அந்த வங்கியின் வசிப்பிடச் சான்றிதழ் வேண்டும். பிடிக்க வேண்டியதைப் பிடிக்காவிட்டால் முழுச் செலவும் தள்ளுபடியாகும், மாதம் 1 சதவீத வட்டியும் சேரும்.

60 டாலர் சின்னதுதான், எல்.சி. உறுதிக் கட்டணம் அப்படியில்லை. எந்த வங்கி எவ்வளவு எடுத்தது என்ற விவரத்தை உங்கள் வங்கியில் எழுத்தில் வாங்கி, கணக்கு முடிக்கும் முன்பே ஆடிட்டரிடம் காட்டுங்க. அவருக்கும் சந்தேகமென்றால், எவ்வளவு தொகைக்கு வரி என்று வருமான வரி அதிகாரியிடமே விண்ணப்பித்துக் கேட்கலாம்.