காப்பி, பேஸ்ட், மனசாட்சி

கம்ப்யூட்டர் வாங்கியதும் நாம் முதலில் பழகுவது கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-வி. அடுத்தவர் எழுதியதை எடுத்து நம் பக்கத்தில் ஒட்ட ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி, ஆய்வு மாணவரின் பல வருட உழைப்பையே காலி செய்துவிடலாம். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் படிக்கச் சொல்லுங்கள்.

நான் வசிக்கும் தஞ்சாவூரில் ஆய்வு மாணவர்களுக்குப் பஞ்சமே இல்லை. 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி, பக்கத்து ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் என்று பல துறைகள். எந்தத் துறையானாலும் பிஎச்.டி. மாணவர்களுக்குப் பொதுவாக ஒரு பாடம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2019 டிசம்பரில் அறிவித்த 'ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள்' பாடம் அது. மொத்தம் 30 மணி நேரம். முதல் பகுதியே தத்துவமும் அறமும்தான்.

"நெல் ஆராய்ச்சிக்குத் தத்துவம் எதற்கு சார்?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். விவசாயியிடம் மகசூல் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்டு எக்ஸெல்லில் ஏற்றுகிறோம். அதற்கு அவர் சம்மதித்தாரா? அவர் யார் என்று தெரியும்படி வெளியிடலாமா? நாம் எதிர்பார்த்த விடைக்கு ஒத்துவராத வரிசையை டெலீட் செய்யலாமா? நோயாளியின் எக்ஸ்ரேயை ஆய்வில் சேர்க்கும் மருத்துவ மாணவருக்கும் இதே கேள்விகள்தான். இவற்றுக்கு விடை தரும் பட்டன் எந்தக் கீபோர்டிலும் இல்லை.

காப்பி அடிப்பதற்கு மட்டும் ஓர் அளவுகோல் இருக்கிறது. யூஜிசியின் 2018 விதிகளின்படி, ஆய்வேடு மற்றவர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால், திருத்திய ஆய்வேட்டைத் தர ஒரு வருடம் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. யாருடையது என்று சொல்லி முறைப்படி மேற்கோள் காட்டிய பகுதி இந்தக் கணக்கில் சேராது.

இதைச் சோதிக்கும் சாப்ட்வேர், உங்கள் வாக்கியங்களைத் துண்டு துண்டாக்கி, தன்னிடம் சேமித்திருக்கும் ஆய்வேடுகள், கட்டுரைகளோடு ஒப்பிடுகிறது. தமிழில் இங்கேதான் ஒரு சிக்கல். பாமினி போன்ற பழைய பான்ட்டில் டைப் செய்த பைல் நம் கண்ணுக்குத் தமிழ். கம்ப்யூட்டருக்கோ வெறும் ஆங்கில எழுத்துகள். அதையே யூனிகோடில் மறுபடி டைப் செய்து தன் பெயரில் கொடுத்தால், இரண்டும் ஒன்று என்று சாப்ட்வேருக்குத் தெரியாமல் போகலாம். ஸ்கேன் செய்த பக்கமோ அதற்கு வெறும் படம்.

நீங்களே சோதிக்கலாம். கூகுளில் 'ஷோத்கங்கா' என்று தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கத் தரும் தளம் இது. காந்திநகரில் உள்ள இன்ப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. பழைய தமிழ் ஆய்வேடு ஒன்றை டவுன்லோட் செய்து, ஒரு வரியை காப்பி செய்து, நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். தமிழ் வந்தால் யூனிகோட். ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வந்தால் பெரும்பாலும் பழைய பான்ட். வரியைத் தேர்வு செய்யவே முடியாவிட்டால் படம்.

சாப்ட்வேர் கண்டுபிடிக்கவில்லை என்பதால் அது நம் எழுத்து ஆகிவிடுமா? கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். தன் பதிப்புகளின் முன்னுரைகளில், ஏடு கொடுத்தவர்களையும் உதவியவர்களையும் நன்றியோடு பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அவர் வழக்கம். அவரைச் சோதிக்க எந்த சாப்ட்வேரும் இல்லை.

எனவே, பேஸ்ட் செய்தவுடனே அடுத்த வரியில் ஆசிரியர் பெயர், நூல், பக்க எண்ணை டைப் செய்துவிடுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டால், எது அவர் வரி, எது நம் வரி என்று பிறகு நமக்கே தெரியாது. பள்ளிப் பிராஜெக்ட்டிலேயே பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் வரட்டும்.