செயலியுடன் பொதியப்படும் மறையாக்க நிரலகங்கள்: பாதுகாப்பும் பராமரிப்புக் கடமையும்

முன்னுரை

தென்காசி, குற்றாலம் ஆகிய ஊர்களை அடுத்துள்ள மத்தளம்பாறையில் வளாகம் அமைத்துள்ள ஸோஹோ நிறுவனம், 2021ஆம் ஆண்டு ‘அரட்டை’ என்னும் செய்திச் செயலியை வெளியிட்டது. 2025 செப்டம்பர் இறுதியில் அச்செயலி பெருமளவில் பதிவிறக்கப்பட்டது. அப்போது அதன் அழைப்புகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. அவற்றுக்கும் அது வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தது. இத்தகைய மறையாக்கம் செயலிக்குள் எவ்வாறு சேர்கிறது, சேர்ந்தபின் அதைப் பேணும் கடமை யாருடையது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இரு வழிகள்

மறையாக்கக் கணக்கீடுகளைச் செய்யும் ஆயத்த நிரல்களின் தொகுப்பே மறையாக்க நிரலகம். கைபேசிக்கும் வழங்கிக்கும் இடைப்பட்ட வழியைக் காக்கும் டிஎல்எஸ் நெறிமுறைக்கான நிரலகம் இயங்குதளத்திலேயே உள்ளது. ஆயினும் அவ்வழியில் செல்லும் செய்தி வழங்கியில் திறக்கப்படுகிறது. அனுப்புநரும் பெறுநரும் மட்டுமே படிக்க வேண்டுமெனில், திறவுகோல்கள் அவர்களுடைய கைபேசிகளிலேயே உருவாகி, அங்கேயே தங்க வேண்டும். இதற்குரிய முழு நெறிமுறையை இயங்குதளம் செயலிகளுக்கு வழங்குவதில்லை. ஆகவே நிரலகத்தைச் செயலியுடன் பொதிந்தே வெளியிட வேண்டியுள்ளது. மேலும், 2016இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7 முதல், இயங்குதளத்தின் உள்நிரலகங்களைச் செயலிகள் நேரடியாகப் பயன்படுத்துவதும் தடுக்கப்பட்டது.

பொதிதலின் விளைவு

2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பிழை வெளிப்பட்டது. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில் அது இருந்தது, 1.0.1ஜி பதிப்பில் திருத்தப்பட்டது. ஆண்ட்ராய்டு 4.1.1 நீங்கலாகப் பிற பதிப்புகளுக்குப் பாதிப்பில்லை என்று கூகுள் அறிவித்தது. ஆனால் பிழையுள்ள பதிப்பைத் தம்முள் பொதிந்திருந்த செயலிகளுக்கு அவ்வறிவிப்பு பொருந்தவில்லை. இயங்குதளம் செம்மையாக இருந்தாலும் செயலிக்குள் இருக்கும் படியை அது திருத்தாது. செயலியை உருவாக்கியவர் புதிய பதிப்பை வெளியிட வேண்டும். பயனரும் அதை நிறுவ வேண்டும். இவ்விரண்டும் நிகழும்வரை பிழை கைபேசியிலேயே தங்கும்.

முடிவுரை

நிரலகத்தைப் பொதிவது ஒருநாள் வேலை அன்று, தொடர் கடமை. எந்த நிரலகம், எந்தப் பதிப்பு என்னும் பட்டியலை உருவாக்குநர் பேண வேண்டும். பிழை அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனித்து, தாமதமின்றித் திருத்தம் வெளியிட வேண்டும். ஆகவே ஒரு செயலியில் மறையாக்கம் உண்டா என்று கேட்பதோடு, அதன் நிரலகம் இறுதியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்றும் பயனர் கேட்பது இன்றியமையாதது.