ஆதிச்சநல்லூர்ப் பரம்பு

தூத்துக்குடி மாவட்டத்தில், பொருநையாற்றின் தென்கரையில் அமைந்துள்ளது ஆதிச்சநல்லூர். ஊரை ஒட்டிய மேட்டுநிலத்தைப் ‘பரம்பு’ என்பர். ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்புடைய அம்மேடு ஒரு பழைய இடுகாடு. நீர்பாயும் நிலத்தை உழவுக்கு விட்டு, ஏர் இறங்காத பாறை மேட்டை இறந்தோர்க்கு ஒதுக்கினர் எனலாம். பாறையில் குழி வெட்டி முதுமக்கள் தாழிகளை இறக்கினர். என்புகளோடு நெல், இரும்புக் கருவி, பொன் நெற்றிப்பட்டம் ஆகியவற்றையும் வைத்தனர்; இறந்த பின்னும் உணவும் அணியும் வேண்டும் என எண்ணினர் போலும்!

1876இல் ஜாகோர் அகழ்ந்தெடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. பின்னர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. தாழி எந்த ஆழத்தில், எதன் அருகில் இருந்தது என்பதைத் தொலைவூர்ப் பேழைகள் காட்டா. பரம்புக்கு வந்தோரோ நெடுங்காலம் வெறும் சரளை மேட்டையே கண்டனர். 2023 முதல், புதைத்த குழியிலேயே நிற்கும் தாழிகளைக் கண்ணாடித் தளத்தின் வழியே அங்குக் காணலாம்.