உறுமலில் ஒலிக்கும் தலைநகர்: உலக மேடையேறிய தில்லி இளைஞர்கள்

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர் -

புதுதில்லி: மேற்கு தில்லியின் ஜனக்புரியில் திருமணப் பருவம் தொடங்கிவிட்டால் மாலை நேரத்தில் சாலையைக் கடப்பது எளிதல்ல. மணமகன் குதிரையில் வர, முன்னே பித்தளை வாத்தியக் குழு, அதற்கும் முன்னே டோல் அடிப்பவர்கள் என்று ஊர்வலம் நகரும். தேசப் பிரிவினைக்குப் பின்னர் அகதிகளாக வந்து ரஜௌரி கார்டன், திலக் நகர் பகுதிகளில் குடியேறிய பஞ்சாபியரின் செல்வாக்கு, அவர்களது அண்டைப் பகுதியான ஜனக்புரியின் ஒலியிலும் உணவிலும் இன்றளவும் மேலோங்கி நிற்கிறது. அந்த டோல் சத்தத்தை மின் கிதாரின் இரைச்சலோடும் அடித்தொண்டை உறுமலோடும் இணைத்தால் என்ன ஆகும் என்று தில்லி இளைஞர்கள் சிலர் யோசித்ததன் விளைவுதான், இன்று ஜெர்மனி முதல் ஜப்பான் வரை அறியப்பட்டுள்ள "பிளடிவுட்" இசைக் குழு.

மிதிலை மன்னர் ஜனகரின் பெயர் தாங்கிய இக்குடியிருப்பு, தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய அடுக்கு வீடுகளும் தனி மனைகளும் கலந்தது. தமிழ் வாசகர்களுக்கும் அன்னியமானதல்ல. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இங்குதான் உள்ளது. 2005-ஆம் ஆண்டின் கடைசி நாளில் மெட்ரோ ரயில் இப்பகுதியை எட்டியபின் மத்திய தில்லி கைக்கெட்டும் தூரமாயிற்று. நாட்டின் முதல் ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயில் 2020 டிசம்பர் 28-ஆம் தேதி புறப்பட்ட பாதையின் ஒரு முனையாக அப்போது இருந்ததும் ஜனக்புரி மேற்கு நிலையமே. தோளில் கிதார் உறையோடு அந்த நிலையப் படிகளில் ஏறி இறங்கும் கல்லூரி மாணவர்களை இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மெட்டல்கோர் என்பது என்ன?

அமெரிக்காவின் "ஹார்ட்கோர் பங்க்" என்ற எதிர்ப்பிசையும் "ஹெவி மெட்டல்" என்ற கனத்த ராக் இசையும் கலந்து பிறந்தது மெட்டல்கோர். கிதாரின் தந்திகளை வழக்கமான சுருதிக்குக் கீழே தளர்த்திக்கொள்வார்கள். சரணத்தில் பாடகர் உறுமுவார்; பல்லவியில் இனிமையாகப் பாடுவார். இடையே வேகம் திடீரெனக் குறைந்து, கிதாரும் டிரம்ஸும் ஒன்றாகச் சேர்ந்து சம்மட்டி போல் விழும் பகுதி ஒன்று வரும். அதற்குத்தான் கூட்டம் காத்திருக்கும். மேலோட்டமாகக் கேட்பவருக்கு இது வெறும் கூச்சல். ஆனால் அந்த உறுமல், தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துவதல்ல; மூச்சை உதரவிதானத்தில் தாங்கி, குரல் நாண்களுக்குச் சேதம் வராமல் எழுப்பும் பயிற்சி. அதிகாலைச் சாதகம் செய்யும் கர்நாடகப் பாடகருக்கு இதிலுள்ள ஒழுக்கம் புரியும், ஓசை பிடிக்காவிட்டாலும்.

பிளடிவுட் குழுவைத் தூய மெட்டல்கோர் என்று அத்துறை ரசிகர்கள் ஏற்பதில்லை. நாட்டுப்புற மெட்டல், ராப் மெட்டல் என்றெல்லாம் வகை பிரிக்கிறார்கள். 2000-களில் தில்லியில் மெட்டல்கோர் பாணியை முன்னெடுத்த குழு "அண்டையிங் இன்க்". அதற்கும் முன்பே, 1991-இல் தொடங்கப்பட்ட தில்லியின் "பரிக்ரமா" 2007-இல் பெங்களூரில் அயர்ன் மெய்டன் குழுவுக்கு முன்னதாக மேடையேறியது. அதே ஆண்டு இங்கிலாந்தின் டௌன்லோடு விழாவிலும் வாசித்தது. அலகாபாத்தில் 1993-இல் அமித் சைகல் தொடங்கிய "ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்" இதழ் பின்னர் தில்லியிலிருந்து நடத்திய போட்டிகளும் விழாக்களுமே வட இந்தியக் குழுக்கள் பலவற்றுக்கு முதல் வாசல். ஆக, பிளடிவுட் வெட்டவெளியில் முளைத்த செடியல்ல.

வழக்கறிஞர் தொழிலை விட்டவர்

குழுவின் தொடக்கம் 2016. நிறுவனங்களுக்கான சட்டப் பணியில் இருந்த கரண் கடியார், அந்த வேலையை விட்டுவிட்டு இசைக்கு வந்தார். கிதாரும் புல்லாங்குழலும் வாசிப்பவர் அவர்; இசையமைப்பும் பதிவுப் பணியும் அவருடையவே. பாடகர் ஜயந்த் பதூலா ஹிந்தியிலும் பஞ்சாபியிலும் பாடி உறுமுகிறார். ஆங்கிலத்தில் ராப் பாடும் ரவுல் கெர் 2018-இல் "அரி அரி" பாடலில் இணைந்தார். மேடையில் டோல் வாசிப்பவர் சார்தக் பாஹ்வா.

முதலில் அவர்கள் செய்தது வேடிக்கைதான். ஹிந்தித் திரைப்பாடல்களையும் பஞ்சாபி பாப் பாடல்களையும் மெட்டலாக மாற்றி இணையத்தில் வெளியிட்டார்கள். பெயரிலேயே பாலிவுட் மீதான கிண்டல் இருக்கிறது. 2017-இல் அத்தகைய மறுவடிவங்களின் தொகுப்பு வெளிவந்தது. தலேர் மெஹந்தியின் புகழ்பெற்ற "துனக் துனக் துன்" பாடலும் பின்னர் அவர்கள் கையில் சிக்கியது. அந்த வேடிக்கையிலேயே நின்றிருந்தால் இன்று அவர்களைப் பற்றி எழுத அதிகமிருக்காது.

டோலின் வலப்புறம் மெல்லிய குச்சியாலும் இடப்புறம் வளைந்த கோலாலும் அடிக்கப்படுவது. பாங்ரா நடனத்தின் எட்டு மாத்திரைச் சுழற்சி, மெட்டல் இசையின் நான்கு தட்டுக் கணக்கில் அலுங்காமல் உட்காருகிறது. இடப்புறத்தின் ஆழ்ந்த முழக்கம், தளர்த்திய கிதார் தந்திகளின் அதிர்வோடு ஒட்டிக்கொள்கிறது. எனவே இது மேல்பூச்சுக்காகச் சேர்த்த "இந்தியத்தன்மை" அல்ல. கரண் கடியாரின் புல்லாங்குழலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சில பாடல்களில் அது சுற்றுலாத் துறை விளம்பரத்தை நினைவூட்டுகிறது.

இன்றைய மெட்டல் குழுக்களின் அன்றாடம் மேடையில் தெரிவதற்கு நேர் எதிரானது. கிதாரைக் கணினியில் இணைத்து, ஒலிபெருக்கியின் குரலை மென்பொருளிலேயே உருவாக்கி, காதணிக் கருவியில் கேட்டுக்கொண்டே நள்ளிரவிலும் ஒரு பாடலை முடித்துவிடலாம். அடுத்த அறையில் உறங்கும் பெற்றோருக்குத் தந்தி உரசும் சத்தம் மட்டுமே கேட்கும். சிக்கல் டிரம்ஸுக்கும் குரலுக்கும்தான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. டிரம்ஸை முதல் தட்டுத் தட்டினாலே அந்த வரம்பு தாண்டிவிடும். அதனால் மணிக் கணக்கில் வாடகை கொடுத்துப் பயிற்சி அறை தேட வேண்டும். உறுமல் பழகுபவர்கள் நிறுத்திய காரில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பழகுவதும் உலகெங்கும் உண்டு. திருமண ஊர்வல டோலுக்கு மட்டும் இந்த விதிகள் பொருந்துவதாகத் தலைநகரில் யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது, மேடைகளைவிட இணையக் காணொளிகளாலேயே அறியப்பட்டவர்கள் இவர்கள். ஜெர்மனியின் வாக்கன் திருவிழாவில், மொழி புரியாத கூட்டம் ஹிந்திப் பல்லவியைத் திருப்பிப் பாடியது. 2022 பிப்ரவரி 18-ஆம் தேதி "ரக்ஷக்" என்ற முதல் சொந்தப் பாடல் தொகுப்பு வெளிவந்தது. அதே ஆண்டு ஜப்பானின் ஃபூஜி ராக் விழா. 2025 மார்ச்சில் இரண்டாவது தொகுப்பு, "நு தில்லி". "நு மெட்டல்" என்ற இசைவகையையும் நகரின் பெயரையும் ஒரே சொல்லில் கோத்த தலைப்பு. ஜப்பானின் பேபிமெட்டல் குழுவினரும் அதில் ஒரு பாடலில் பங்கேற்றுள்ளனர்.

பாடல்களும் நாடாளுமன்றமும்

நாடாளுமன்றத்தை அன்றாடம் கவனிப்பவர்களுக்கு இக்குழுவின் பாடல் வரிசை வேறொரு காரணத்தால் சுவாரசியமானது. அவர்கள் தொட்ட விஷயங்கள் பலவும் இரு அவைகளிலும் ஏதேனும் ஒரு கட்டத்தில் மசோதாவாகவோ அமளியாகவோ வந்தவை.

2018-இல் வெளியான "ஜீ வீரே" மனச்சோர்வைப் பற்றியது. காணொளியோடு நில்லாமல், ரசிகர்களில் தேவைப்படுவோருக்கு இணையவழி மனநல ஆலோசனைக்கான கட்டணத்தையும் குழு ஏற்றது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்திருந்த நேரம் அது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக அல்லாமல் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகக் கருத வேண்டும் என்றது அச்சட்டத்தின் 115-ஆவது பிரிவு. ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு ஏட்டில் தொடர்ந்தது. 2024 ஜூலை 1-இல் புதிய நியாய சம்ஹிதா அமலுக்கு வந்தபோதுதான் அது விலகியது. அங்கும், அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கில் தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற வாசல் திறந்தே வைக்கப்பட்டுள்ளது. உண்ணாவிரதங்களின் தேசத்தில் அந்த விதிவிலக்கு எதற்கு என்பதை உறுப்பினர்கள் விரிவாக விவாதித்திருக்கலாம்.

"தனா தன்" பாடல் பாலியல் வன்முறைக்கு எதிரானது. குற்றவாளியைக் கைமுட்டியால் எதிர்கொள்ளும் ஆத்திரமே பாடல் முழுவதும். 2012 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு ஓடும் பேருந்தில் நடந்த கொடுமையைத் தொடர்ந்து ரெய்சினா குன்றின் சரிவில் தண்ணீர்ப் பீரங்கிகளை எதிர்கொண்ட தலைமுறையின் கோபம் அது. அந்தக் கோபம் நியாயமானது. ஆயினும் 29 நாள்களில் அறிக்கை தந்த நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு, மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை என்பதையும் நினைவுகூர வேண்டும். 2013-ஆம் ஆண்டு சட்டத் திருத்தம் அக்குழுவைத் தாண்டிச் சென்று, பாதிக்கப்பட்டவர் இறக்கும் வழக்குகளிலும் மீண்டும் குற்றம் புரிவோருக்கும் மரண தண்டனையைச் சேர்த்தது. பாடலும் நாடாளுமன்றமும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே சுருதியில் இருந்தன. நிதானமான குரல் வர்மாவுடையது. தேவ் பட்டேல் இயக்கி நடித்த "மங்கி மேன்" படத்திலும் இப்பாடல் இடம்பெற்றது. 2024-இல் பல நாடுகளில் வெளியான அப்படம் அந்த ஆண்டில் இந்தியத் திரையரங்குகளை எட்டவில்லை.

அரசியல் வாசகர்களின் கவனத்துக்குரியது "ரக்ஷக்" தொகுப்பிலுள்ள "கத்தார்". துரோகி என்று பொருள். தலைநகரில் இச்சொல்லுக்கு அண்மைக்கால வரலாறு ஒன்று உண்டு. 2020 ஜனவரியில், சட்டப்பேரவைத் தேர்தல் பிரசாரத்தின்போது ரிதாலா தொகுதிக் கூட்டமொன்றில் மத்திய இணையமைச்சர் ஒருவர் தேசத் துரோகிகள் என்று தொடங்க, கூட்டம் சுடுமாறு கூவி முடித்தது. தேர்தல் ஆணையம் அவருக்கு 72 மணி நேரப் பிரசாரத் தடை விதித்தது. அடுத்த மாத இறுதியில் வடகிழக்கு தில்லியில் வெடித்த கலவரத்தில் 53 பேர் உயிரிழந்தனர். இரண்டாண்டு கழித்து வந்த பாடல், மதத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவோரையே துரோகிகள் என்கிறது. சொல்லைப் பறித்து, சொன்னவர்கள் பக்கமே திருப்பிய துணிச்சல் பாராட்டத்தக்கது.

எனினும் பாடல் எந்தக் கட்சியையும் பெயரிட்டுச் சுட்டவில்லை. எல்லா மத அரசியலும் தவறு என்ற பொதுத்தளத்தில் நின்றுவிடுகிறது. 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழுவைக் கேட்ட தமிழர்களுக்கு இந்த வேறுபாடு உடனே புலப்படும். கானாவையும் ராப்பையும் ராக்கையும் சேர்த்த அந்தக் குழு, இடஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சி அரசியலையும் பெயர் சொல்லியே பாடியது. தில்லிக் குழுவின் கோபம் கனமானது; ஆனால் சாதி என்ற சொல் வரும் இடத்தில் அதன் உறுமல் தெளிவற்றுப் போகிறது. மேல்நடுத்தர வகுப்பிலிருந்து எழும் எதிர்ப்பிசையின் எல்லை இதுதானோ என்ற ஐயம் எழுவது இயல்பு.

இரண்டாம் தொகுப்பின் முதல் பாடலுக்கு "ஹல்லா போல்" என்று பெயர். 1989 ஜனவரி முதல் நாளில் தில்லியை அடுத்த சாஹிபாபாதின் ஜண்டாபூரில், இதே பெயர் கொண்ட வீதி நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் இறந்தவர் சஃப்தர் ஹாஷ்மி. அவரது ஜன நாட்டிய மஞ்ச் குழுவினர் சில நாள்களிலேயே அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று நாடகத்தை முடித்தனர். இன்று அந்தச் சொல்லைக் கேட்டுத் தலையாட்டும் ஐரோப்பிய ரசிகருக்கு இவ்வரலாறு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தில்லி ரசிகரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதும் கேள்விக்குரியதே.

மேடை எங்கே?

தலைநகர் வட்டாரத்தில் மெட்டல் கூட்டத்துக்கு நற்பெயர் இல்லை. 2011 அக்டோபர் 28-ஆம் தேதி குர்காவ்னில் நடக்கவிருந்த மெட்டாலிகா நிகழ்ச்சி கடைசி நேரத்தில் தள்ளிவைக்கப்பட, காத்திருந்த ரசிகர்கள் மேடையையே உடைத்தனர். நிகழ்ச்சி ரத்தாயிற்று, அமைப்பாளர்கள் சிலர் கைதாயினர். இரு நாள் கழித்துப் பெங்களூரில் அதே குழு அமைதியாக வாசித்துவிட்டுப் போனது. அந்தக் கதை இன்னும் இங்கு மேற்கோள் காட்டப்படுகிறது.

ஜனக்புரியிலேயே ஓர் அரங்கு உண்டு. திகார் சிறை வளாகத்துக்கு அருகே, இசையைக் கருப்பொருளாகக் கொண்டு அமைக்கப்பட்டு 2014-இல் திறக்கப்பட்ட தில்லி ஹாட். கைவினைக் கடைகளும் மாநில உணவுகளும் இங்கே உண்டு. மாலை வேளைகளில் வெறிச்சோடிக் கிடக்கும் கடைகளைக் கடந்து நடக்கும்போது, இவ்வளவு பெரிய இடத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளின் டிரம்ஸுக்கு வாரம் ஒரு மாலை ஒதுக்கினால் என்ன என்று தோன்றுவது இயல்பு.

பிளடிவுட் குழுவின் 2019-ஆம் ஆண்டுப் பாடலான "யாத்", ஒரு மனிதனுக்கும் அவனது நாய்க்குமான பிரிவைச் சொல்வது. தெருவிலங்குகளுக்கு ஆம்புலன்ஸ் வாங்கவும் குழு அப்போது உதவியது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. முதல் முறை வதை செய்பவருக்கு அச்சட்டம் விதித்த உச்ச அபராதம் 50 ரூபாய். 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி தலைநகரின் தெருநாய்களைக் காப்பகங்களுக்கு அகற்றுமாறு உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. பதினொரு நாள் கழித்து, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தபின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு என்று அந்த உத்தரவு திருத்தப்பட்டது. இடைப்பட்ட நாள்களில் தில்லித் தெருக்களில் மெழுகுவத்தி ஏந்திய கூட்டங்களில், கறுப்புச் சட்டை அணிந்த இளைஞர்களும் இருந்தனர்.