‘ஸ்மால் குரூப்’னா எத்தனை பேர் பாஸ்? - கிராபி தீவுகளுக்கு ஒரு நாள் படகுப் பயணம்

பச்சை நிறக் கடல், நடுவே செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறைகள், மூக்கில் கலர் கலராகத் துணி கட்டிய மரப் படகு. இந்த ரீலை நீங்கள் பத்து தடவையாவது பார்த்திருப்பீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஷேர் செய்து, ‘மச்சி, போலாமா?’ என்று கேட்டு, ரெண்டு வருஷம் இழுத்து, ஒருவழியாக தாய்லாந்தின் கிராபிக்கு டிக்கெட்டும் போட்டிருப்பீர்கள்.

ஊர் போய்ச் சேர்ந்ததும்தான் குழப்பமே ஆரம்பிக்கும். கிராபியின் ஆவ் நாங் கடற்கரைச் சாலையில் நாலு அடிக்கு ஒரு டூர் கடை. எல்லா போர்டிலும் அதே படங்கள், அதே தீவுகள். விலை மட்டும் கடைக்குக் கடை மாறும். போதாக்குறைக்கு, பாதி போர்டுகளில் ‘ஸ்மால் குரூப்’ என்று வேறு எழுதியிருக்கும்.

அந்த ‘ஸ்மால்’ எவ்வளவு ஸ்மால் என்பதுதான் முதல் கேள்வி. ஒரு கடைக்காரருக்கு அது 10 பேர். இன்னொருவருக்கு 25 பேர். மூன்று இன்ஜின் பூட்டிய பெரிய ஸ்பீட் போட்டில் 40 பேர் வரை ஏற்றுவார்கள். அதோடு ஒப்பிட்டால் 25 சின்னதுதானே என்பார்கள். தப்பில்லை. ஆனால், நீங்கள் காசு கொடுப்பதற்கு முன்பு தெரிந்திருக்க வேண்டும். அதனால் ரெண்டே ரெண்டு விஷயம் கேளுங்கள். ‘படகில் அதிகபட்சம் எத்தனை பேர்?’, ‘மற்ற கடைகளில் புக் செய்தவர்களும் இதே படகில் வருவாங்களா?’ ரோட்டோரக் கடைகள் பலவும் ஏஜென்ட்கள்தான். டிக்கெட்டை அவர்கள் விற்பார்கள், படகை வேறு யாரோ ஓட்டுவார்கள். பதிலை மெசேஜில் எழுதி வாங்கிவிடுங்கள். தாய்லாந்தில் டூர் நடத்துபவர்கள் அரசு உரிமம் வைத்திருக்க வேண்டும். அந்த எண் டிக்கெட்டிலோ கடையிலோ இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவதும் நல்லது.

ஆள் எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்கிறீர்களா? சின்னதாக ஒரு கணக்கு. படகில் இறங்க, ஏற ஒரே ஏணி. ஆளுக்கு அரை நிமிஷம் என்றாலும் 40 பேர் இறங்க 20 நிமிஷம், ஏற 20 நிமிஷம். அந்தத் தீவில் உங்களுக்குக் கொடுத்த நேரமே 45 நிமிஷம் என்றால்? வரிசையில் நின்றதுதான் ஞாபகத்தில் இருக்கும். இன்னொன்று, தண்ணீரில் இருப்பவர்களைக் கவனிக்கப் படகில் ரெண்டு, மூணு பேர்தான் இருப்பார்கள். அவர்கள் கண் 10 தலைகள் மேல் இருப்பதற்கும் 40 தலைகள் மேல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. என்னைக் கேட்டால், கூடுதலாகக் கொடுக்கும் காசு முழுக்க இதற்குத்தான்.

மரப் படகா, ஸ்பீட் போட்டா?

நாலைந்து பேராகப் போகிறீர்கள் என்றால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஆவ் நாங் கடற்கரையிலேயே லாங்டெயில் படகுக்காரர்களின் டிக்கெட் கவுன்டர் உண்டு. எந்தத் தீவுக்கு எவ்வளவு என்று போர்டில் விலை எழுதியிருக்கும். அரை நாளுக்கோ முழு நாளுக்கோ ஒரு படகையே எடுத்து, காசைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். இதைவிட ஸ்மால் குரூப் ஏது?

லாங்டெயில் என்பது தனி ரகம். லாரி இன்ஜின் போல ஒன்றைப் படகின் பின்பக்கம் திறந்தபடியே பொருத்தி, அதிலிருந்து நீளமாக ஒரு கம்பியை நீட்டி, நுனியில் விசிறி வைத்திருப்பார்கள். ஆழம் குறைந்த இடத்தில் படகோட்டி அதை அப்படியே தூக்கிவிடுவார். அதனால் கரை வரைக்கும் வரும். சத்தம் மட்டும் காதைக் கிழிக்கும். கொஞ்சம் பஞ்சு எடுத்துப்போங்கள். படகின் மூக்கில் கட்டியிருக்கும் துணிகளும் பூமாலையும் போட்டோவுக்கான அலங்காரம் கிடையாது. படகைக் காக்கும் ‘மே யா நாங்’ என்ற பெண் தெய்வத்துக்கானவை. அந்த முனையில் காலை நீட்டி உட்கார்ந்து போஸ் கொடுக்காதீர்கள். நம்ம ஊர் மீனவர்களும் படகுக்குப் பொட்டும் பூவும் வைக்கிறவர்கள்தானே, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

லாங்டெயிலுக்குப் பொருத்தமானது ‘நாலு தீவு’ டூர். போடா தீவு, கோழித் தலை போலப் பாறை நிற்கும் சிக்கன் தீவு, டப் தீவு, பிறகு ரைலே பக்கம் இருக்கும் ப்ரா நாங் குகைக் கடற்கரை. எல்லாம் கிட்டக் கிட்ட. ப்ரா நாங் குகையில் மரத்தில் செதுக்கிய லிங்க வடிவங்கள் குவிந்து கிடக்கும். கடலுக்குப் போகிறவர்கள் அங்கிருக்கும் தேவிக்குச் செலுத்தும் காணிக்கை அது. சிரித்து ரீல் எடுப்பவர்களைப் பார்ப்பீர்கள். அது அவர்களுக்குக் கோயில் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

டப் தீவுக்கும் சிக்கன் தீவுக்கும் இடையே கடல் வற்றும்போது வெள்ளை மணல் பாதை ஒன்று எழும்பும். ‘தலே வேக்’ என்பார்கள். பிளந்த கடல் என்று அர்த்தம். ரீலில் வருவது அதுதான். ஆனால், கடல் ஏறியிருக்கும் நேரத்தில் போனால் பாதையே இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் நன்றாக வற்றும் என்பதால் மணல் நன்றாகத் தெரியும். வீட்டு தினசரி காலண்டரைப் புரட்டிப் பார்த்து நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மணிக்கு வற்றும் என்பதைப் படகோட்டியிடம் கேட்டு, அதற்கேற்ப கிளம்புங்கள்.

பீபீ தீவுகள் தூரம் அதிகம், நடுக்கடலைத் தாண்ட வேண்டும். அதற்கு ஸ்பீட் போட்தான் சரி. முன்வரிசை சீட்டுக்கு அடித்துப்பிடித்து ஓடுவார்கள், நீங்கள் ஓடாதீர்கள். அலையில் படகு எம்பி விழும்போது முழு அடியும் முன்பக்கம்தான். முதுகுவலி உள்ளவர்கள் பின்பக்கம் உட்காருவது உத்தமம். கர்ப்பிணிகளை இந்தப் படகுகளில் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள்.

மாயா பே: பார்க்கலாம், குளிக்க முடியாது

பீபீ போகிற பலருக்கும் ஒரே இலக்கு மாயா பே. 2000-ல் லியோனார்டோ டிகாப்ரியோ நடித்து வெளியான ‘தி பீச்’ படம் அங்கேதான் எடுக்கப்பட்டது. அதன் பிறகு கூட்டம் அம்மியது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானோர் அந்தக் குட்டிக் கடற்கரையில் இறங்கினார்கள். படகுகள் உள்ளே வந்து நங்கூரம் போட்டுப் போட்டுப் பவளப்பாறைகள் சிதைந்துபோயின. 2018 ஜூனில், ‘கொஞ்ச மாதம் ஓய்வு’ என்று மூடினார்கள். திறக்கவே 2022 ஜனவரி ஆகிவிட்டது. இடையில் பவளங்களை நட்டு வளர்த்தார்கள். கரையோரமாகக் கருமுனைச் சுறாக் குட்டிகள் திரும்பி வந்தன.

இப்போது விதிமுறையே வேறு. படகு மாயா பேவுக்குள் நுழையாது. தீவின் பின்பக்கம் இருக்கும் மிதவை மேடையில் இறங்கி, மரப்பாதையில் நடந்துதான் கடற்கரைக்குப் போக வேண்டும். முழங்கால் அளவுக்கு மேல் தண்ணீரில் இறங்கினால் விசில் ஊதுவார்கள். வருஷா வருஷம் ஆகஸ்ட், செப்டம்பரில் கடற்கரைக்கு லீவு. இது தெரியாமல், ‘இவ்வளவு காசு கொடுத்துக் குளிக்கக்கூட விடலையே’ என்று ரிவ்யூ எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். குளிப்பதற்குப் பக்கத்திலேயே பிலே லகூன் இருக்கிறது. நாலு பக்கமும் பாறைச் சுவர், நடுவே மரகதத் தண்ணீர். என் ஓட்டு அதற்குத்தான். காலை ஏழு மணிக்கே கிளம்பும் டூர் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்த லகூன், தி.நகர் தீபாவளி ஷாப்பிங் மாதிரி ஆகிவிடும்.

பீபீ பகுதி தேசியப் பூங்கா. வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 400 பாட். நம்ம காசுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். சில டூர் விலைகளில் இது சேர்ந்திருக்காது. படகில் ஏறும்போது தனியாகக் கேட்பார்கள். அப்போதுதான், ‘சீப்பாக முடித்தோம்’ என்று நினைத்த டிக்கெட்டின் உண்மையான விலை தெரியும்.

நீச்சல் தெரியாதா? முதலில் இதைப் படிங்க

நம்மில் எத்தனை பேருக்கு நிஜமாகவே நீச்சல் தெரியும்? ஊர்க் கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்கும் கடல் புதுசுதான். கிணறு உங்களை இழுத்துக்கொண்டு போகாது. கடலில் நீரோட்டம் இருக்கிறது. அதனால் படகில் ஏறியதுமே கைடிடம், ‘எனக்கு நீச்சல் தெரியாது’ என்று சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சின்ன குரூப்பில் போவதன் பலன் இங்கேதான். நல்ல கைடாக இருந்தால் மிதவை வளையத்தைக் கொடுத்து, அதைப் பிடித்தபடியே கூட்டிப்போய்க் காட்டுவார்.

லைஃப் ஜாக்கெட்டைப் பேருக்கு மாட்டிக்கொள்ளாதீர்கள். எல்லா கிளிப்பையும் போட்டு, இடுப்பு வாரை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினால் அது உங்களுக்குப் பெருசு. தண்ணீரில் உடம்பு கீழே போகும், ஜாக்கெட் மேலே வரும். சின்ன சைஸ் கேட்டு வாங்குங்கள்.

ஸ்நார்க்கலிங் பார்க்க ஈஸி. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட வேண்டும், அவ்வளவுதான். ஆனால், குழாயில் ஒரு மடக்கு உப்புத் தண்ணீர் வந்ததும் பதறிப்போய் முகமூடியைப் பிடுங்குவோம். அந்தப் பதற்றம்தான் ஆபத்து. முதல் நாளே ஹோட்டல் நீச்சல் குளத்தில், கால் தரையில் படும் இடத்தில் பத்து நிமிஷம் பழகுங்கள். மூழ்குகிறவர்கள் சினிமாவில் வருவது போலக் கத்திக் கூப்பிடுவது அபூர்வம்; பெரும்பாலும் சத்தமே இருக்காது. அதனால் ரெண்டு ரெண்டு பேராக இறங்குங்கள், ஒருவர் மேல் ஒருவர் கண் வையுங்கள். படகின் பின்பக்கம், இன்ஜின் இருக்கும் இடத்துக்குப் போகவே கூடாது. பீர் எல்லாம் ஹோட்டலுக்குத் திரும்பிய பிறகு.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். படகு, பஸ் என்றால் குமட்டுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் வந்த பிறகு போட்டால் பெரிதாக வேலை செய்யாது. 2021-லிருந்து தேசியப் பூங்காக்களில் பவளத்தைக் கெடுக்கும் நாலு ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனுக்குத் தடை இருக்கிறது. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இரண்டும் அதில் அடக்கம். அபராதம் 1 லட்சம் பாட் வரை. நம்ம வெயிலுக்கும் நிறத்துக்கும் முழுக்கை நீச்சல் டி-ஷர்ட்டே போதும், முதுகும் தப்பிக்கும். குரங்குகள் இருக்கும் கடற்கரையில் கையில் தின்பண்டம் வேண்டாம். கடித்தால், கீறினால் உடனே சோப்பு போட்டுக் கழுவி, அன்றே ரேபிஸ் ஊசிக்குப் போக வேண்டும். டூர் பாதியில் போனாலும் பரவாயில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். வெறுமனே ‘வெஜ்’ என்றால் காய்கறி வரும், அதில் மீன் சாஸும் வரும். ‘ஜே’ என்ற ஒற்றை வார்த்தையைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். அதில் முட்டை, பால், ஏன், பூண்டு வெங்காயம்கூட இருக்காது.

கடல் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்

கிராபி, புக்கெட் பக்கம் கடல் அமைதியாக இருப்பது நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. டூர் விலை குறையும், அலை கூடும். 2018 ஜூலை 5-ம் தேதி, புக்கெட் அருகே புயலில் சிக்கி ‘ஃபீனிக்ஸ்’ என்ற சுற்றுலாப் படகு மூழ்கியதில் சீனாவைச் சேர்ந்த 47 பயணிகள் இறந்துபோனார்கள். வானிலை எச்சரிக்கை இருந்தும் படகு கடலுக்குப் போயிருந்தது. எனவே, ‘இன்றைக்குக் கடல் சரியில்லை’ என்று ஒரு படகுக்காரர் சொன்னால் கெஞ்சாதீர்கள். ‘நாளைக்கு ஃபிளைட், ப்ளீஸ்’ என்று பக்கத்துக் கடையில் போய்க் கூடுதல் காசு நீட்டாதீர்கள். ரத்தானால் பணம் முழுசாகத் திரும்ப வருமா, வேறு நாளுக்கு மாற்றுவார்களா என்பதை புக் செய்யும்போதே கேட்டு வையுங்கள். பயணத்தின் கடைசி நாளில் படகு டூரை வைக்காமல், இரண்டாவது நாளே வைத்துவிட்டால் மாற்றிக்கொள்ள இடம் இருக்கும்.

அப்படி ஒரு நாள் காலியாகக் கிடைத்தால், கிராபி டவுனிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருக்கும் க்ளோங் தோம் போய் வாருங்கள். பழைய துறைமுக ஊர் அது. பாசிமணிகள் குவியலாகக் கிடைத்ததால் ‘மணிக் குன்று’ என்றே ஓர் இடத்துக்குப் பெயர். அங்கே கிடைத்த பொருள்களில் ஒன்று, தங்கத்தை உரசிப் பார்க்கும் சின்ன உரைகல். அதில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழி எழுத்தில் பொறித்திருக்கிறது. கி.பி. 3-4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். இன்ஜினும் வானிலை ஆப்பும் இல்லாத காலத்தில் கடலைத் தாண்டி வந்த பொற்கொல்லர் ஒருவரின் கல். ஊரில் இருக்கும் புத்தர் கோயில் வளாகத்திலேயே அருங்காட்சியகம் உண்டு. ஆவ் நாங்கிலிருந்து கார் எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.