செவிக்குத் துணை சிவன் பாடல்

மார்கழி பிறந்துவிட்டால் சென்னையில் எந்தச் சபாவில் எவர் கச்சேரி என்று நாளிதழைக் கத்தரித்து வைத்துக்கொள்ளும் அன்பர்கள் பலர். "இனி நமக்கு எதற்கு?" என்று வாசலோடு நின்றுவிடும் முதியவர்களும் பலர். பின்னவர்கள் கண்ணில் படுவதில்லை, தாமாகவே ஒதுங்கிவிடுகின்றனர். அவர்களுள் அரை நூற்றாண்டுக் காலம் ரசிகராக இருந்தவர்களும் உண்டு.

மந்தைவெளியில் மகன் வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அப்படித்தான் ஒதுங்கியிருந்தார். வயது 78. கும்பகோணத்தில் பணியாற்றிய நாள்களில் திருவையாற்று ஆராதனைக்குத் தவறாமல் சென்றுவந்தவர். சென்னைக்குக் குடிவந்த பிறகும் சபாக்களை விட்டதில்லை. அவரே தொடர்ந்து மூன்று மார்கழிகள் எந்தக் கச்சேரிக்கும் போகவில்லை. வீட்டாரிடம் முழங்கால் வலி என்றார். உண்மையில் வலித்தது முழங்கால் அன்று. செவித்துணைக் கருவி அணிந்துகொண்டு கடைசியாகச் சென்ற கச்சேரியில் வயலினின் நீண்ட கார்வைகள் நடுங்கின. பாடகரின் சாகித்தியம் புரியவில்லை. மிருதங்கம் மட்டும் இடித்தது. அதை வெளியே சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. காது என்று சொன்னால் ஆளுக்கொரு யோசனை கூறுவர். முழங்கால் என்றால் மறுபேச்சு இராது.

உண்மையைக் கண்டுபிடித்தவர் மருமகள். கபாலீசுவரர் கோயிலில் பிராகாரத்தை மும்முறை வலம் வரத் தடை சொல்லாத முழங்கால், சபாவுக்கு மட்டும் எப்படி மறுக்கும் என்ற ஐயம் அவருக்கு முன்பே இருந்தது. ஒருநாள் மாலை நாகசுவரம் ஒலிக்கத் தொடங்கியதும் பெரியவர் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தார். "மாமா, காதுதானே காரணம்?" என்று கேட்டார். பெரியவர் பதில் சொல்லவில்லை. மறுவாரம் இருவரும் ஆடியாலஜிஸ்ட் ஒருவரிடம் சென்றனர்.

அங்கே தெரிந்துகொண்டவை இவ்விதழின் வாசகர் பலருக்கும் பயன்படும். முதுமையில் செவி மங்கும்போது பெரும்பாலும் முதலில் குறைவது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளே. சகரம், தகரம், ககரம் போன்ற மெல்லொலி மெய்கள் நழுவுகின்றன. உயிரெழுத்துகள் மட்டும் செவிக்கு எட்டுகின்றன. ஆகவேதான் குரல் கேட்கிறது, சொல் விளங்குவதில்லை. கருவியோ முதன்மையாகப் பேச்சுக்கென அமைக்கப்படுவது. நெடுநேரம் அசையாது நிற்கும் ஒரு சுரத்தை, தன்னுள் எழும் 'விசில்' ஓசை என்று அது பிழையாகக் கருதி அடக்க முற்படும். வயலின், புல்லாங்குழல், நாகசுவரம் ஆகியவற்றின் கார்வைகள் சிதைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பல கருவிகளில் இசைக்கென்றே தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தித் தர இயலும். கேட்டால்தான் செய்து தருவர். பெரியவர் அதுவரை கேட்டதில்லை. கேட்க வேண்டியது என்றே அவருக்குத் தெரியாது.

அமைப்பை மாற்றியதால் இளமைக் காலத்துச் செவி திரும்பிவிடவில்லை. ஆனால் சென்ற மார்கழியில் ஒரு நாள் மருமகளுடன் புறப்படும் துணிவு வந்தது.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு இருவரும் மயிலை மாட வீதியில் நின்றனர். பஜனைக் குழு ஒன்று வந்தது. ஒலிபெருக்கி இல்லை, ஒரு சுருதிப்பெட்டி, ஜால்ரா, பத்துப் பதினைந்து குரல்கள். அவர்கள் பாடியது பாபநாசம் சிவன் மோகன ராகத்தில் இயற்றிய 'கபாலி' என்ற பாடல். அரை அடி கேட்டதும் மீதி அடி பெரியவருக்குத் தானாகவே வந்தது. நழுவிய மெய்யெழுத்துகளை நினைவு எடுத்துக் கொடுத்தது. கூட்டத்தோடு கூட்டமாகத் தெற்கு மாட வீதி முடியும் வரை அவரும் பாடிக்கொண்டே நடந்தார். அவர் பாடி மருமகள் கேட்டது அதுவே முதன்முறை.

அந்த வீதிகளில் அந்தப் பாடல் ஒலித்ததில் ஒரு பொருத்தம் உண்டு. 1890-இல் தஞ்சை மாவட்டம் போலகத்தில் பிறந்த இராமய்யா, சிறு வயதிலேயே தந்தையை இழந்து திருவனந்தபுரத்தில் வளர்ந்தவர். அங்குச் சமஸ்கிருதக் கல்லூரியில் இலக்கணம் பயின்றவர். தாயையும் இழந்தபின் ஊர் ஊராகக் கோயில்களை நாடிப் பாடித் திரிந்தார். மேனி முழுதும் திருநீறு பூசிய அவர் கோலத்தைக் கண்ட பக்தர்கள் சிவனாகவே கருதி அழைத்ததால் 'பாபநாசம் சிவன்' என்ற பெயர் நிலைத்தது என்பர். பின்னர் மயிலாப்பூருக்கு வந்து, மார்கழி தோறும் மாட வீதிகளில் பஜனை நடத்தினார். திரைப்படங்களுக்குப் பாடல் எழுதினார், 'தியாகபூமி'யில் நடிக்கவும் செய்தார், கலாக்ஷேத்திராவில் கற்பித்தார். 1971-இல் சங்கீத கலாநிதி, அடுத்த ஆண்டு பத்மபூஷண் என்று விருதுகள் வந்தன. 1973-இல் மறைந்தார். இத்தனைக்கும் நடுவில் அவர் பாடல்கள் பெரும்பாலும் ஒரு தரிசனத்தின் பதிவாகவே இருக்கின்றன. சந்நிதியில் நின்றவர் கண்டதைச் சொல்வது போன்ற எளிய தமிழ். சாத்திரம் அறியாதவருக்கும், செவி மங்கியவருக்கும் கைகொடுப்பது அந்த எளிமையே.

தரிசனம் முடித்துச் சிற்றுண்டியும் ஆனபின், பகல் கச்சேரிக்குச் சென்றனர். மார்கழியில் பல சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகளுக்கு அனுமதிச்சீட்டு கிடையாது. இளம் கலைஞர்கள் பாடுவர். இருக்கைகள் காலியாக இருக்கும். (மாலைக் கச்சேரியின் நெரிசலைவிட முதியவர்களுக்கு இது எவ்வளவோ மேல். சிற்றுண்டிச்சாலையிலும் வரிசை இராது.) ஒலிபெருக்கிப் பெட்டிகளை விட்டு விலகி, நடுவரிசையில், பாடகியின் முகம் தெரியும்படி அமர்ந்தனர். உதட்டசைவைப் பார்ப்பதும் பாதி கேட்பதற்குச் சமம்.

எல்லாம் கேட்டது என்று சொல்வதற்கில்லை. வயலினின் மேல்தாயிச் சஞ்சாரங்கள் பல நழுவின. புதிதாகக் கேட்ட தெலுங்குக் கிருதி ஒன்றில் அவரால் எதையும் பற்றிக்கொள்ள இயலவில்லை. பிறகு காம்போதி ஆலாபனை தொடங்கிற்று. ராகம் பிடிபட்டது. தொடர்ந்து 'காணக் கண் கோடி வேண்டும்'. கபாலியின் வீதியுலாக் கோலத்தைப் பாடும் அந்தப் பாடலைச் சில மணி நேரத்துக்கு முன் சுவாமியைத் தரிசித்த கண்களோடு கேட்டார் பெரியவர். சொல்லுக்குச் சொல் விளங்கியது. மருமகள் திரும்பிப் பார்த்தபோது அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

இங்கே கலைஞர்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கத் தோன்றுகிறது. தமிழ்ப் பாடல்களைத் தனி ஆவர்த்தனத்துக்குப் பின் 'துக்கடா'வாக ஒதுக்கும் வழக்கம் இன்னும் முழுதும் மாறவில்லை. பேருந்தைப் பிடிக்க வேண்டிய முதியவர்கள் எழுந்து போவதும் அந்த நேரத்தில்தான். அந்தப் பாடகி நடுவில் ஒரு தமிழ்க் கிருதியை முதன்மையாக எடுத்துக்கொண்டதால் அன்று ஒருவர் நிறைவோடு வீடு திரும்பினார். 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம் கேட்டதும் ஏறத்தாழ இதுவே.

வீட்டுக்கு வந்த பெரியவர், தம்மைப் போன்ற நண்பர்களுக்கென்று ஒரு தாளில் சில பாடல்களை எழுதினார். செவி சற்று விட்டுக்கொடுத்தாலும் நினைவு பிடித்துக்கொள்ளும் பாடல்கள் என்பதே அவர் வைத்த அளவுகோல்.

முதலில் எழுதியது 'உன்னைத் துதிக்க'. குந்தலவராளி ராகம். திருவாரூர்ப் பெருமானை எண்ணிச் சிவன் இயற்றிய முதல் கிருதி என்று சொல்லப்படுவது. துள்ளலான நடை, காலையில் கேட்டால் நாள் சுறுசுறுப்பாகத் தொடங்கும். 'காணக் கண் கோடி'யை மதுரை மணி ஐயரின் பதிவில் கேட்க வேண்டும் என்று அடிக்கோடிட்டிருந்தார். 'நான் ஒரு விளையாட்டு பொம்மையா', நவரசகன்னடம்: அம்பிகையிடம் உரிமையோடு சண்டையிடும் பாடல், சிவனிடமே பாடம் கேட்ட டி.கே. பட்டம்மாளின் குரலில் சொற்கள் அட்சர சுத்தமாக வருவதால் மங்கிய செவிக்கும் எட்டும். காபியில் அமைந்த 'என்ன தவம் செய்தனை' பேரக்குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்பதற்கு. மத்தியமாவதியில் 'கற்பகமே' உறங்குமுன். கச்சேரியை மங்களமாக முடிக்கும் ராகம் நாளையும் அவ்வாறே முடிக்கட்டும் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு.

கடைசியாக இருந்தது சிவன் பாடல் அன்று. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில் வரும் 'வருகலாமோ'. மாஞ்சி ராகம். தில்லையின் எல்லை வரை வந்தும் உள்ளே செல்ல இயலாத நந்தனார், இறைவனிடம் அனுமதி வேண்டும் இடம். பெரியவர் இதை எழுதியது அடுத்த தெருவில் இருக்கும் தம் பழைய நண்பருக்காக. இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் அவர் கோயிலுக்குச் சென்று ஓராண்டுக்கு மேலாகிறது. மருமகள் அந்தப் பாடலைக் கைப்பேசியில் தேடி எடுத்து, சிறிய ஒலிபெருக்கி ஒன்றையும் உடன் கொண்டுபோனார். நண்பர் இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை ஒலித்தபோது, "ஒலியைக் கொஞ்சம் குறையுங்கள், நானே பாடிப் பார்க்கிறேன்" என்றார்.