காரை விட்டு இறங்கும் ரேடியோ!

2024-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் ஆஷ்வில் என்று ஓர் ஊர். கடலுக்கு வெகு தூரத்தில் உள்ள மலை ஊர். ஆனால் "ஹெலீன்" என்ற புயல் அந்த ஊரையும் விட்டு வைக்கவில்லை.

மழை கொட்டித் தீர்த்தது. ஆறு பெருக்கெடுத்தது. வீடுகளையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போயிற்று. மின்சாரம் நின்றது. குழாயில் தண்ணீர் நின்றது. செல்போன் ஊமை ஆயிற்று. இன்டர்நெட்டும் போயிற்று.

எந்த ரோடு திறந்திருக்கிறது? குடிதண்ணீர் எங்கே கிடைக்கும்? பக்கத்து ஊரில் இருக்கும் அம்மா உயிரோடு இருக்கிறாளா? யாரைக் கேட்பது?

ஜனங்கள் வாசலில் நின்ற காரில் போய் உட்கார்ந்தார்கள். ரேடியோவைத் திருகினார்கள். குரல் கேட்டது!

570 என்ற எண்ணில் ஒலிக்கும் "டபிள்யு.டபிள்யு.என்.சி." என்ற நிலையம் இரவும் பகலும் பேசிக்கொண்டே இருந்தது. எங்கே தண்ணீர், எங்கே சாப்பாடு, எந்த ரோடு அடைபட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அது ஓர் ஏ.எம். ரேடியோ நிலையம். அந்த ஏ.எம். ரேடியோ இனி காரில் வேண்டாம் என்று கார் கம்பெனிகள் சில முடிவு செய்தன. அமெரிக்காவில் அதன் மீது பெரிய சண்டையே மூண்டது.

ஏ.எம். என்பது என்ன?

ரேடியோவில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஏ.எம். மற்றொன்று எப்.எம். நாம் "மீடியம் வேவ்" என்கிறோமே, அது ஏ.எம். வகையைச் சேர்ந்தது.

ரேடியோ நிலையம் அலைகளை அனுப்புகிறது. ஏ.எம். முறையில், பேசுகிறவரின் குரலுக்கு ஏற்ப அந்த அலையின் உயரம் கூடும், குறையும். எப்.எம். முறையில் உயரம் மாறாது. அலைகள் நெருங்கி வரும், விலகி வரும்.

இதனால் என்ன? மின்னல் வெட்டினாலும் ஸ்விட்சைப் போட்டாலும் அலையின் உயரம் கலைகிறது. ஏ.எம். ரேடியோ அந்தக் கலக்கத்தையும் குரல் என்று நினைத்துக்கொள்கிறது. "கரகர" என்று இரைகிறது. எப்.எம். அதைப் பொருட்படுத்துவது இல்லை. பாட்டு தெளிவாகக் கேட்கிறது.

அப்படியானால் எப்.எம். மட்டும் போதாதா? போதாது!

எப்.எம். அலை சுமார் 3 மீட்டர் நீளம். அது பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். மலை குறுக்கிட்டால் தடைப்படும். சில பத்து மைல்களுக்கு அப்பால் கேட்காது. ஏ.எம். அலை சுமார் 200 மீட்டர் முதல் 550 மீட்டர் வரை நீளம். அது பூமியைத் தழுவிக்கொண்டு போகும். இரவில் வானத்தின் உயரத்தில் உள்ள மின் அடுக்கில் மோதித் திரும்பி வரும். 50 ஆயிரம் வாட் சக்தி உள்ள ஒரே நிலையத்தை, இரவில் பல நூறு மைலுக்கு அப்பாலும் கேட்கலாம்.

1930-ல் வந்த முதல் வெற்றி

காருக்குள் ரேடியோ வந்த கதை சுவையானது.

சிகாகோ நகரில் பால் கால்வின் என்பவர் ஒரு சிறிய கம்பெனி நடத்தி வந்தார். 1930-ல் அவரும் அவருடைய ஆட்களும் காரில் வைக்கும் ரேடியோ ஒன்றைச் செய்தார்கள். அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை ஊரில் ரேடியோ உற்பத்தியாளர்களின் மாநாடு நடந்தது. கால்வின் தன் காரிலேயே அங்கே போனார். மாநாட்டுக்கு வெளியே காரை நிறுத்தி, ரேடியோவைப் பாட விட்டார். கூட்டம் கூடியது. ஆர்டர் கிடைத்தது!

அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர் "மோட்டரோலா". பின்னால் கம்பெனிக்கே அந்தப் பெயர் வந்தது.

அப்போது ஒரு புதிய போர்டு காரை ஏறத்தாழ 500 டாலருக்கு வாங்கலாம். ரேடியோவின் விலையோ 100 டாலருக்கு மேல்! ஆனாலும் ஜனங்கள் விரும்பி வாங்கினார்கள்.

ஆனால் ஒரு தொல்லை இருந்தது. எஞ்சினில் பெட்ரோலைக் கொளுத்த ஒரு தீப்பொறி வேண்டும். அந்தப் பொறி ஒவ்வொரு தடவை தெறிக்கும்போதும் ரேடியோ "பட் பட்" என்று இரைந்தது. அதற்காக ரேடியோவைத் தூக்கி எறிந்தார்களா? இல்லை. இரைச்சலை அடக்கும் சிறு கருவிகளைச் செய்து எஞ்சினில் பொருத்தினார்கள். தொல்லை தீர்ந்தது.

இதை மறந்துவிட வேண்டாம். இன்றைய சண்டைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

பாட்டு போயிற்று, பேச்சு தங்கிற்று

பல ஆண்டுகள் காரில் ஏ.எம். ஒன்றே ராஜா. பிறகு எப்.எம். வந்தது. 1970-ம் ஆண்டுகளின் கடைசியில் எப்.எம். கேட்பவர்களின் தொகை ஏ.எம். கேட்பவர்களின் தொகையை மிஞ்சியது. பாட்டு எல்லாம் எப்.எம்.முக்குப் போய்விட்டது.

ஏ.எம்.மில் மிஞ்சியது என்ன? செய்தி, பேச்சு, விளையாட்டு வர்ணனை, பிரார்த்தனை, வெளிநாட்டில் இருந்து வந்து குடியேறியவர்களின் மொழிகளில் நிகழ்ச்சி. கிராமத்து விவசாயிக்கு வானிலையும், சோளத்தின் விலையும், மாட்டின் விலையும். இன்றும் அமெரிக்காவில் 4 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏ.எம். நிலையங்கள் இருக்கின்றன.

மின்சார கார் வந்தது

அடுத்த அடி மின்சார காரால் விழுந்தது.

காரின் பாட்டரியில் இருப்பது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். மோட்டாருக்கு வேண்டியதோ முன்னும் பின்னும் மாறி ஓடும் மின்சாரம். இதை மாற்றிக் கொடுக்கும் கருவி "இன்வெர்ட்டர்". வீட்டில் மின்சாரம் போனால் விசிறியைச் சுற்ற வைக்கிறதே, அதே வகைக் கருவிதான். ஆனால் பல மடங்கு பெரியது.

அதற்குள் இருக்கும் ஸ்விட்சுகள் ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான தடவை மூடித் திறக்கின்றன. ஒவ்வொரு தடவையும் இரைச்சல் அலை கிளம்புகிறது. அது ஏ.எம். அலைகள் ஓடும் அதே பாதையில் போய் விழுகிறது. காரை ஓட்டினால் ரேடியோவில் ஒரே இரைச்சல்!

"பி.எம்.டபிள்யு." கம்பெனி 2014-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட "ஐ-3" என்ற மின்சார காரில் ஏ.எம். இல்லை. பிறகு "டெஸ்லா" காரிலும் எடுத்தார்கள்.

2022 டிசம்பரில் எட் மார்க்கி என்ற செனட் சபை உறுப்பினர் 20 கார் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார். "உங்கள் மின்சார காரில் ஏ.எம். இருக்கிறதா?" என்று கேட்டார். எட்டு கம்பெனிகள் எடுத்துவிட்டதாகத் தெரிந்தது. டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் போன்ற கம்பெனிகளோ, எடுக்கும் எண்ணம் இல்லை என்றன.

இரைச்சலுக்கு மருந்து இல்லாமல் இல்லை. இன்வெர்ட்டரையும் கம்பிகளையும் உலோக உறையால் மூடலாம். இரைச்சலை வடிகட்டும் கருவியை வைக்கலாம். ஆனால் அதற்குப் பணம் செலவு ஆகும். காரின் எடையும் கொஞ்சம் கூடும்.

போர்டு கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2024-ம் ஆண்டு மாடல் கார்களில் ஏ.எம்.மை எடுக்கப் போவதாக 2023-ல் கூறியது. பெட்ரோல் கார்களும் அதில் அடக்கம்! "எங்கள் கார்களில் ரேடியோ கேட்கும் நேரத்தில், ஏ.எம். கேட்கும் நேரம் நூற்றுக்கு 5-க்கும் குறைவு" என்று காரணம் சொன்னது.

ஆபத்துக்கு உதவும் குரல்

போர்டின் கணக்கு பொய் அல்ல. ஆனால் அது சாதாரண நாளின் கணக்கு. புயல் நாளுக்கு வேறு கணக்கு உண்டு.

2005 ஆகஸ்டு 29-ந் தேதி "கத்ரீனா" புயல் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரம் தண்ணீரில் மூழ்கியது. "டபிள்யு.டபிள்யு.எல்." என்ற ஏ.எம். நிலையம் விடாமல் பேசியது. 2017 செப்டம்பர் 20-ந் தேதி "மரியா" புயல் போர்ட்டோ ரிக்கோ தீவைச் சூறையாடியது. தீவு முழுவதும் இருட்டு. அங்கேயும் "வாபா" என்ற ஏ.எம். நிலையம் பேசியது.

அமெரிக்க சர்க்கார் தற்செயலை நம்பி இருக்கவில்லை. 77 ரேடியோ நிலையங்களைத் தேர்ந்தெடுத்து, பெரிய ஜெனரேட்டரும் எரிபொருளும் கொடுத்து வைத்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஏ.எம். நிலையங்கள். நாட்டில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் அவற்றைக் கேட்க முடியும்.

2023 பிப்ரவரியில் ஏழு பேர் சேர்ந்து போக்குவரத்து மந்திரிக்குக் கடிதம் எழுதினார்கள். ஏழு பேருமே பேரிடர் நிவாரண இலாகாவின் தலைவர்களாக இருந்தவர்கள். காரில் ஏ.எம். இல்லாமல் போனால் ஜனங்களை எச்சரிக்கும் ஏற்பாடே கெடும் என்று அவர்கள் சொன்னார்கள்.

எதிரிகளும் ஒன்று சேர்ந்தார்கள்

2023 மே மாதம் ஒரு மசோதா வந்தது. ஒவ்வொரு புதிய காரிலும் ஏ.எம். இருக்க வேண்டும், அதற்குத் தனி விலை வாங்கக் கூடாது என்பது மசோதா. அதைக் கொண்டு வந்தவர்கள் எட் மார்க்கியும், டெட் குரூசும். ஒருவர் ஜனநாயகக் கட்சி. மற்றவர் குடியரசுக் கட்சி. கீரியும் பாம்புமாக இருக்கும் கட்சிகள். ரேடியோ அவர்களை ஒன்று சேர்த்தது!

அதே மாதம் போர்டு கம்பெனித் தலைவர் ஜிம் பார்லி முடிவை மாற்றினார். ஏ.எம். தொடரும் என்று அறிவித்தார்.

எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கும் நியாயம் உண்டு. "எச்சரிக்கை இப்போது செல்போனுக்கே நேராக வருகிறது. ஏ.எம். நிகழ்ச்சிகளை இன்டர்நெட்டிலும் கேட்கலாம். கேட்காத ஒன்றுக்கு எல்லோரும் ஏன் விலை கொடுக்க வேண்டும்? எது வேண்டும் என்று கார் வாங்குகிறவரே தீர்மானிக்கட்டும். சர்க்கார் கட்டாயப்படுத்தலாமா?" என்று கேட்கிறார்கள். 2023 டிசம்பரில் ஓட்டெடுப்பு இல்லாமலே மசோதாவை நிறைவேற்ற முயன்றபோது, செனட் உறுப்பினர் ராண்ட் பால் தடுத்தார். 2025-ல் மசோதா மறுபடியும் கொண்டு வரப்பட்டது.

செல்போன் நல்லதுதான். ஆனால் செல்போனுக்குக் கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரமும் கம்பித் தொடர்பும் வேண்டும். ஆஷ்வில் ஊரில் அவை ஒரே நாளில் போய்விட்டன.

காருக்கோ சொந்த பாட்டரி உண்டு. அதிலும் மின்சார காரின் பாட்டரி மிகப் பெரியது. அதில் உள்ள மின்சாரத்தைக் கொண்டு ஒரு வீட்டுக்கே பல நாள் விளக்கு எரிக்கலாம். புயல் அடித்த ஊரில் கடைசி வரை உயிரோடு இருக்கக் கூடிய பெட்டி அது.

1930-ல் கால்வினின் ஆட்கள் எஞ்சினின் இரைச்சலை அடக்கினார்கள்; ரேடியோவை அடக்கவில்லை. அன்று கையில் இருந்த சிறு கருவிகளைக் கொண்டு அவர்கள் செய்ததை, இன்றைய கம்பெனிகளால் செய்ய முடியாதா? முடியும். செலவு யாருடையது என்பதுதான் கேள்வி!